‘குழுவினர்’ என்பவர் யார்?

மாமல்லபுரச் சுற்றுலாவுக்குச் செங்கல்பட்டிலிருந்து புறப்பட்டால், திருக்கழுக்குன்றம் வருமுன்பே பேருந்தில் திரைப்பாட்டுப் புதிர் தொடங்கிவிடும். நடித்தவர் யார், இசையமைத்தவர் யார் என்றெல்லாம் கேட்போம். சேர்ந்து பாடியவர்களை மட்டும் கேட்பதேயில்லை. இது நியாயமன்று என்பதே நம் கட்சி.

லூர்து மேரி ராஜேஸ்வரி யார்? எல். ஆர். ஈஸ்வரிதான்! தாயாரைப் போலவே கோரஸில் பாடி வந்தவர். 1961-இல் ‘பாசமலர்’ படத்தின் ‘வாராயென் தோழி’ அவரை முன்வரிசைக்குக் கொண்டுவந்தது. மற்றத் தோழியர் ‘குழுவினர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டனர். ‘புதிய பறவை’யின் (1964) ‘எங்கே நிம்மதி’க்கு விசுவநாதன்–ராமமூர்த்தி பெரும் வாத்தியக் குழுவையே அமர்த்தினார்கள். அதில் வயலின் வாசித்த ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? திருப்பலிப் பாடற்குழுவின் பின்வரிசையில் நிற்கும் நமக்கா இந்த வருத்தம் புரியாது!

அடுத்த சுற்றுலாவில் இதையும் கேட்போம். விடை வராவிட்டால் இரு அணிக்கும் மதிப்பெண் கிடையாது.