சோதனைக்கு ஒரு தராசு, வியாபாரத்துக்கு ஒரு தராசா?



சரக்கு, விலைவாசி, வரி பற்றி எழுத வேண்டிய இதழில் கார் பற்றி எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். வேலப்பன்சாவடி, திருவேற்காடு, பூந்தமல்லி பக்கம் கடை வைத்திருக்கும் நம்மவர்களில் பலர் பழைய டீசல் கார் வைத்திருக்கிறார்கள். விடியற்காலையில் கோயம்பேடு போய்வரவும், வெளியூர் வசூலுக்கும், ஊரில் நல்லது கெட்டதுக்குக் குடும்பத்தோடு போகவும் டீசல் கார்தான் கட்டுப்படியாகிறது. அவர்களில் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "அண்ணாச்சி, நான் செகண்ட் ஹேண்டில் வாங்கின காரை, புகை சம்பந்தமா கம்பெனி ஒரு காலத்தில் திரும்ப அழைச்சதாம். பழைய ஓனர் போகவில்லை. இப்போ நான் போய்ச் செய்துக்கலாமா? செய்தால் மைலேஜ் போயிடும்கிறாங்களே?"

கேள்வி நியாயமானது. அதற்கு என் பதிலைக் காரணத்தோடு சொல்ல விரும்புகிறேன்.

நடந்தது என்ன?

2015 செப்டம்பரில் அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் கம்பெனி மீது ஒரு குற்றச்சாட்டை வெளியிட்டது. அந்த கம்பெனியின் டீசல் கார்களில் உள்ள கம்ப்யூட்டர், கார் சோதனைக்கூடத்தில் ஓடுகிறதா சாலையில் ஓடுகிறதா என்பதைக் கண்டுபிடித்துவிடுகிறது. சோதனைக்கூடத்தில் சக்கரம் சுழலும், ஸ்டியரிங் திரும்பாது. இது போன்ற அடையாளங்களை வைத்து, சோதனை நேரத்தில் மட்டும் புகையைக் கட்டுக்குள் வைக்கிறது. வெளியே வந்ததும் பழையபடி விட்டுவிடுகிறது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் இப்படிப்பட்ட சாப்ட்வேர் இருந்ததாக கம்பெனியே ஒப்புக்கொண்டது.

நம் நாட்டில் புனேயில் உள்ள வாகன ஆராய்ச்சிக் கழகம் இந்தக் கார்களைச் சாலையில் ஓட்டிப் பார்த்தது. நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு வரம்பைத் தாண்டி வருவது தெரிந்தது. அதன் பிறகு 2015 டிசம்பரில் கம்பெனி சுமார் 3 லட்சத்து 23 ஆயிரத்து 700 கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. போலோ, வென்டோ, ஜெட்டா முதலிய வோக்ஸ்வேகன் கார்களும், ஸ்கோடா, ஆடி கார்களும் இதில் அடக்கம். 2008 முதல் 2015 நவம்பர் வரை விற்ற, இ.ஏ.189 என்ற வகை டீசல் எஞ்சின் பொருத்திய வண்டிகள் இவை. இந்தியச் சட்டம் எதையும் தாங்கள் மீறவில்லை, தாமாக முன்வந்து செய்கிறோம் என்பது கம்பெனியின் வாதம். 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனி மேல்முறையீடு செய்ய, அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் கட்டாய நடவடிக்கைக்குத் தடை விதித்தது.

இதற்கு முன்பே நம் நாட்டில் இன்னொன்று நடந்ததைப் பலர் மறந்திருப்பார்கள். 2013 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, 2005 முதல் செய்த சுமார் 1 லட்சத்து 14 ஆயிரம் செவ்ரோலே டவேரா வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அங்கே கம்ப்யூட்டர் வேலை ஒன்றும் இல்லை. புகை குறைவாக வரும் எஞ்சின்களைப் பொறுக்கி எடுத்து, அரசுப் பரிசோதனைக்கு அனுப்பும் வண்டிகளில் பொருத்திக் காட்டியிருந்தார்கள். நம் பாஷையில் சொன்னால், மாதிரிக்கு முதல்தரத் துவரம்பருப்பைக் கையில் கொடுத்துவிட்டு, மூட்டையில் வேறு பருப்பை ஏற்றியது போல.

வேண்டாம் என்பவர்களின் வாதங்கள்

முதல் வாதம், "என்னிடம் புகைச் சான்று இருக்கிறதே" என்பது. டீசல் காருக்கு நாம் எடுக்கும் புகைச் சான்றில் கரும்புகையின் அடர்த்தியை மட்டும்தான் பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு வருகிறது என்று அங்கே அளப்பதே இல்லை. ஆகவே அந்தச் சான்று இந்தக் கேள்விக்கு விடை ஆகாது.

இரண்டாவது வாதம், "சட்டம் கட்டாயப்படுத்தவில்லையே" என்பது. இது உண்மைதான். ஜெர்மனியில் இந்தத் திருத்தம் கட்டாயம். செய்துகொள்ளாத கார்களின் பதிவையே ரத்து செய்தார்கள். அமெரிக்காவில் 2016இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி கம்பெனி காரைத் திரும்ப வாங்கிக்கொண்டது, அல்லது திருத்தம் செய்து கொடுத்து மேலும் பணமும் கொடுத்தது. நம் நாட்டுக்காரருக்கு அந்த யோகம் இல்லை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவைச் சேர்த்து, சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யும் குறைபாடு இருந்தால் வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசு பெற்றது. 2021 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் அந்த விதி. நாம் பேசுகிற கார்கள் எல்லாம் அந்த வயதைத் தாண்டியவை. ஆகவே இதில் முடிவு செய்ய வேண்டியவர் வண்டியின் சொந்தக்காரர் மட்டுமே.

மூன்றாவது வாதம்தான் கனமானது. "மைலேஜ் குறையும், எஞ்சினில் கோளாறு வரும்" என்பது. இதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. எஞ்சினுக்குள் சூடு அதிகமாகும்போதுதான் நைட்ரஜன் ஆக்சைடு உண்டாகிறது. அந்தச் சூட்டைக் குறைக்க, கழிவுப் புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்ப ஒரு வால்வு இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை இ.ஜி.ஆர். வால்வு என்பார்கள். அது அதிகம் வேலை செய்தால் அதில் கரி படியும். திருத்தம் செய்த பிறகு இந்த வால்வு கெட்டுப்போனது என்று ஐரோப்பாவில் பல கார்க்காரர்கள் புகார் சொன்னார்கள். மைலேஜும் இழுவையும் மாறாது என்பது கம்பெனியின் பதில்.

சரி, மோசமானதையே எடுத்துக்கொண்டு வியாபாரக் கணக்காகப் பார்ப்போம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிற கார், லிட்டருக்கு 18 கொடுத்தது 17 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 5 லிட்டர் அளவுக்கு டீசல் கூடும். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டால் சுமார் 450 ரூபாய். வால்வு கெட்டால் அதற்குத் தனியே சில ஆயிரங்கள். இது சிறு தொகை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மூட்டை அரிசியில் நமக்கு நிற்கும் லாபம் எவ்வளவு என்பது நமக்குத்தான் தெரியும்.

ஆனாலும் ஏன் செய்ய வேண்டும்?

நம் கடைத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடுகிறோம். முத்திரை ஆய்வாளர் வரும்போது மட்டும் ஒரு கிலோவைச் சரியாகக் காட்டி, அவர் படி இறங்கியதும் 900 கிராமை ஒரு கிலோ என்று காட்டும் எலக்ட்ரானிக் தராசு ஒன்றை யாரோ நமக்கு விற்றுவிட்டார்கள் என்று வையுங்கள். அதைச் செய்தவன் தராசு கம்பெனிக்காரன். வாங்கும்போது நமக்குத் தெரியாது. ஆகவே அதுவரை பழி நம்மீது இல்லை. ஆனால் விஷயம் தெரிந்த பிறகும், "சரி செய்தால் எனக்கு நஷ்டம்" என்று அதே தராசில் நிறுத்துக்கொண்டிருந்தால் அவனை என்னவென்று சொல்வோம்? அந்த 100 கிராம் லாபம் முதலிலிருந்தே நம்முடையது அல்ல. அது வாடிக்கையாளருடையது.

காரின் கணக்கும் இதுதான். திருத்தத்தால் மைலேஜ் குறைந்தால், குறைந்த அந்த ஒரு கிலோமீட்டர் நமக்கு நேர்மையாகக் கிடைத்ததே அல்ல. அடுத்தவன் மூச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

அந்த அடுத்தவன் யார் என்று பார்த்தால் அது நாமேதான். பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து வரும் லாரி, பஸ், கார் எல்லாம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நம் கடை வாசலை உரசிக்கொண்டுதான் போகின்றன. ஆபீஸ்காரர் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு ஏ.சி.யில் இருக்கிறார். மளிகைக் கடைக்குக் கதவு ஏது? காலை 6 மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் இரவு 10 மணி வரை திறந்ததுதான். கல்லாவில் உட்காரும் நாமும், பொட்டலம் மடிக்கும் பையனும், வாசலில் கீரை விற்கும் அம்மாவும் நாள் முழுக்க அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறோம். நைட்ரஜன் ஆக்சைடு மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும், ஆஸ்துமாவைக் கிளப்பும். காற்றில் வேறு பொருட்களோடு சேர்ந்து நுண்தூசியாகவும் மாறும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இலேயே அறிவித்துவிட்டது. 450 ரூபாயை மிச்சம் பிடித்து மருந்துக் கடையில் கொடுப்பது எந்த ஊர்க் கணக்கு?

"ஆயிரம் லாரி போகிற ரோட்டில் என் ஒரு கார் என்ன செய்துவிடும்?" என்று கேட்கலாம். எடை குறைக்கிறவனும் இதைத்தான் கேட்கிறான், ஒரு பொட்டலத்தில் 10 கிராம் என்ன பெரிசு என்று. சிறு துளி பெருவெள்ளம் என்பது நன்மைக்கு மட்டுமல்ல, தீமைக்கும் பொருந்தும்.

எப்படிச் செய்வது?

செய்யுங்கள் என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள் என்று பொருள் அல்ல. வியாபாரி செய்வதுபோல், எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துச் செய்யுங்கள்.

முதலில் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணைக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் கொடுத்து, உங்கள் கார் இந்தப் பட்டியலில் உள்ளதா, திருத்தம் ஏற்கெனவே ஆகிவிட்டதா, இன்னும் செய்து தருவார்களா என்று கேளுங்கள். இந்தத் திருத்தம் இலவசம் என்றுதான் கம்பெனி அறிவித்தது. பெரும்பாலும் சாப்ட்வேர் மாற்றும் வேலைதான்.

வேலைக்கு விடுவதற்கு முன், மூன்று முறை டேங்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரையும் டீசலையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பின்பும் அதேபோல் மூன்று முறை குறியுங்கள். அப்போதுதான் மைலேஜ் குறைந்ததா, அல்லது குறைந்த மாதிரி தோன்றுகிறதா என்பது தெரியும்.

இ.ஜி.ஆர். வால்வின் நிலைமையை வேலைக்கு முன்பே பரிசோதித்து, ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் கோளாறு வந்தால், "இது உங்கள் வண்டியில் முன்பே இருந்தது" என்று யாரும் கை கழுவ முடியாது. திருத்தம் செய்ததற்குத் தேதியும் முத்திரையும் உள்ள சான்று வாங்கி ஆர்.சி.யோடு வையுங்கள். ஒத்துவராவிட்டால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. அங்கே வாய்ப்பேச்சு செல்லாது, காகிதம்தான் பேசும்.

புதிதாகப் பழைய கார் வாங்க நினைப்பவர்கள், இன்சூரன்சைக் கேட்பதுபோல் இந்தச் சான்றையும் கேளுங்கள். இல்லை என்றால் விலையில் அதைச் சொல்லிக் குறையுங்கள். விற்கிறவர்களும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அழுகல் வெங்காயத்தை மூட்டையின் அடியில் வைத்து விற்கிற பெயர் நமக்கு வேண்டாம்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். எந்த கம்பெனி எந்த வண்டியைத் திரும்ப அழைத்தாலும், காராக இருந்தாலும் நாம் சரக்கு ஏற்றும் சின்ன லோடு வண்டியாக இருந்தாலும், அந்தச் செய்தியை இந்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டும். செய்தித்தாளின் மூலையில் ஒருநாள் வந்து மறைந்துபோகும் அறிவிப்பை, கடையிலேயே பொழுதைக் கழிக்கும் நம்மவர் பார்ப்பதில்லை.

பெரிய கம்பெனிகள் தவறு செய்தார்கள் என்று பேசிக்கொண்டே இருப்பதால் நம் தெருவில் காற்று சுத்தமாகாது. அவர்கள் செய்ததற்கு நீதிமன்றங்கள் இருக்கின்றன. நம் கையில் இருக்கிற வண்டிக்கு நாம்தான் முத்திரை ஆய்வாளர்.