உபரி ஆசிரியர்

ஆகஸ்ட் 1 நெருங்கினாலே கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு கலக்கம். அன்றைய தலைக்கணக்கை வைத்துத்தான் எத்தனை ஆசிரியர் என்று முடிவாகும். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 பேர், 61 ஆனால் 3. ஒரு குடும்பம் திருப்பூருக்குப் பிழைக்கப் போனாலே மூன்றாமவர் ‘உபரி’. (அரிசி மூட்டையா அவர்?) வேலை போகாது; பணி நிரவல் என்று வேறு ஊருக்கு அனுப்புவார்கள். பணிமூப்பில் இளையவர்தான் போகவேண்டும்.

நன்றாகப் பாடம் நடத்தும் சின்ன டீச்சரை அனுப்பிவிட்டார்களே என்று பலர் அந்த விதியைத் திட்டுகிறார்கள். எனக்கு அதன்மேல் கோபமில்லை. மூப்பை எடுத்துவிட்டால் சிபாரிசு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கோளாறு கணக்கில் இருக்கிறது. பிள்ளைகள் 60 என்றாலும் வகுப்பு ஐந்தாயிற்றே! இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். எமிஸ் பதிவு, கூட்டம் என்று அவர் பாதி நாள் ஓடவேண்டும். அப்போதெல்லாம் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். இதைப் பார்க்கும் பெற்றோர் கடன் வாங்கியாவது பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றுகிறார்கள். அடுத்த ஆகஸ்டில் எண்ணிக்கை இன்னும் குறைகிறது.

எத்தனை சிறிய தொடக்கப் பள்ளியானாலும் மூன்று பேருக்குக் குறையக்கூடாது என்று அரசு ஆணை போடட்டும். சம்பளச் செலவு கூடும்தான். அதைச் சட்டமன்றத்தில் வெளிப்படையாகக் கேட்டு வாங்கட்டுமே.