படுத்தால் சுகம், எழும்பினால் வலி



சென்ற மாதம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். இருபத்தெட்டு வயதுப் பெண். இரண்டு பிள்ளைகளின் தாய். மூளைக்காய்ச்சலோ என்ற சந்தேகத்தில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டு நீர் எடுத்துப் பரிசோதித்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். மறுநாளே தலையிடி தொடங்கிவிட்டது.

வாசலிலேயே மாமியார் முறையிட்டார். "படுத்தா ஒரு நோவும் இல்லையாம் பிள்ளை. அடுப்படிக்கு எழும்பினாத்தான் தலை இடிக்குதாம். இப்படியும் ஒரு வருத்தமா?"

உள்ளே அந்தத் தங்கச்சி அழுதாள். "மிஸ், நீங்களும் நான் நடிக்கிறன் எண்டா நினைக்கிறீங்கள்?"

உண்மையைச் சொன்னால், எனக்கும் சிறு சந்தேகம் இருந்தது. நான் படித்தது சமூகவியல், மருத்துவமல்ல. தெரிந்த வைத்தியர் ஒருவரிடம் கேட்ட பிறகு வெட்கப்பட்டேன். படுத்தால் குறைவதும் எழும்பினால் கூடுவதும்தான் இந்தத் தலையிடியின் அடையாளமாம். ஊசி போட்ட துளையால் முள்ளந்தண்டு நீர் கசிகிறது. அமுக்கம் குறைந்து, நிமிர்ந்ததும் தலை வலிக்கிறது. இளம் பெண்களுக்கு இது அதிகம்.

ஊசியிலும் விடயம் இருக்கிறது. வழமையான ஊசியின் கூர்முனை உறையை வெட்டிக்கொண்டு போகும். பென்சில் முனை போன்ற ஊசி நார்களை விலக்கிக்கொண்டு போகும்; கசிவு குறைவு. 110 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் 'லான்செட்' சஞ்சிகை வெளியிட்ட கணக்கின்படி, வழமையான ஊசியால் 100 பேரில் 11 பேருக்குத் தலையிடி; மற்றதால் 4 பேருக்கு. பரிசோதனையின் பலனில் குறைவில்லை. ஆகவே, "எந்த ஊசி டொக்டர்?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

கால் விளங்காமற் போகும் என்று பயந்து கையெழுத்திட மறுப்போரும் உண்டு. வளர்ந்தவர்களின் முண்ணாண் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி போடுகிறார்கள். மூளைக்காய்ச்சலைக் கண்டறியத் தாமதிப்பதே பெரிய ஆபத்து.

இந்தத் தலையிடி பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் மாறும். மாறாவிட்டால் நோயாளியின் சொந்த இரத்தத்தையே முதுகில் ஏற்றித் துளையை அடைக்கும் சிகிச்சை உண்டு. காய்ச்சல், பார்வை இரட்டையாகத் தெரிதல், கால் பலவீனம், படுத்தும் குறையாத வலி என்றால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இவற்றை மாமியாருக்கும் விளக்கினேன். அவர் மன்னிப்பொன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்று மாலைத் தேநீரை அவரே ஊற்றி மருமகளின் தலைமாட்டில் வைத்தார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.