ஒருமைக் கோட்பாடும் உரிமை கோருவோரும்

இயற்கையின் நான்கு அடிப்படை விசைகளையும் ஒன்றாக்கப் பௌதிகவியலாளர் முயல்கின்றனர் என்று எங்கேனும் ஒரு செய்தி வந்துவிட்டால் போதும். "இதைத்தானே நம் அத்வைதம் அன்றே சொன்னது" என்று மார்தட்டுவதற்கு ஒரு கூட்டம் எழுந்துவிடுகிறது. 2004இல் ஜெனீவா அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் நிறுவப்பட்ட நடராஜர் சிலையையும் இவர்கள் சாட்சிக்கு அழைப்பர். அச்சிலை இந்திய அரசின் அன்பளிப்பு. அன்பளிப்பு எப்போது நிரூபணமாயிற்று?

மின்காந்த விசையையும் மென் கருவிசையையும் இணைத்தமைக்காக 1979இல் நோபல் பரிசு பெற்றவர்கள் கிளாஷோ, அப்துஸ் சலாம், வெயின்பர்க் ஆகிய மூவர். சலாம் ஆழ்ந்த இறைநம்பிக்கையாளர், வெயின்பர்க் நாத்திகர். இருவரும் தனித்தனியே ஒரே கோட்பாட்டை வந்தடைந்தனர். ஒருவரது ஏகத்துவமோ மற்றவரது நாத்திகமோ அச்சமன்பாடுகளில் ஒரு குறியையேனும் மாற்றவில்லை. அவை முன்னுரைத்த டபிள்யூ, இசட் துணிக்கைகள் 1983இல் சேர்னில் கண்டறியப்பட்டன.

1974இல் ஜோர்ஜையும் கிளாஷோவும் வன் கருவிசையையும் சேர்த்து மூன்றையும் ஒன்றாக்கும் கோட்பாடொன்றை முன்வைத்தனர். கணித அழகு மிக்க கோட்பாடு. அது சரியாயின் புரோத்தன் என்றேனும் சிதைந்தாக வேண்டும். சுரங்க ஆழங்களில் பெருந்தொட்டிகளில் நீரை நிரப்பி ஆய்வாளர் காத்திருந்தனர். ஜப்பானின் சூப்பர் கமியோகண்டேயில் மட்டும் 50,000 தொன் நீர். 1996 தொடக்கம் கண்காணிப்பு. ஒரு புரோத்தனேனும் சிதைந்ததற்கு இன்றுவரை சான்றில்லை. அக்கோட்பாட்டின் எளிய வடிவமோ 1980களிலேயே வீழ்ந்துவிட்டது.

தோற்கக்கூடியதாக இருந்தமையாலேயே அது விஞ்ஞானம். "அனைத்தும் ஒன்றே" என்னும் வாக்கியத்தை எந்தத் தொட்டி நீரும் தோற்கடிக்காது. புரோத்தன் சிதைந்தாலும் சிதையாவிட்டாலும் அது அப்படியே நிற்கும். ஆன்மிகத்தில் அது பெருமையாக இருக்கலாம். பௌதிகவியலை முன்கூட்டியே சொன்னதாக உரிமை கோர அது போதாது. எந்தத் துணிக்கை, எவ்வளவு திணிவு என்று சொன்னவரே முன்னுரைத்தவர்.

இக்கண்டிப்பு விஞ்ஞானிகளுக்கும் உரியது. சோதனைக்கு அகப்படாத இழைக் கோட்பாட்டை அதன் நேர்த்தி கருதியே ஏற்கலாம் என்ற வாதத்தை ஜோர்ஜ் எலிஸும் ஜோ சில்க்கும் 2014இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வன்மையாக எதிர்த்தனர். அத்தகைய தற்கண்டனம் நம் மேடைகளில் எங்கே?

வேதாந்தத்தை விஞ்ஞானத்தின் வாசலில் சான்றிதழுக்காக நிறுத்துவது வேதாந்தத்துக்கும் இழிவு. 1974இன் கோட்பாடு வீழ்ந்தபோது "எங்கள் அத்வைதமும் வீழ்ந்தது" என்று எவரும் முன்வரவில்லை. தோல்வியில் பங்கு கேளாதோருக்கு வெற்றியில் மட்டும் ஏது பங்கு?