கண்மாய்க் கரையும் துவிசக்கர வண்டியும்

அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவிலுக்குச் செல்லும் தார் ரஸ்தா ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. சென்ற தை மாதத்தில் ஒருநாட் காலை, நம் கல்லூரியின் பழைய மாணவராகிய நண்பர் ஒருவரும் யானும் துவிசக்கர வண்டிகளில் அவ்வழியே புறப்பட்டோம். பாதி தூரங்கூடச் சென்றிலோம். பின்னே வந்த பார லாரியொன்று எங்களை உரசுவதுபோற் கடந்தது. அது கிளப்பிய காற்றே நண்பரை ரஸ்தாவின் ஓரத்து மண்ணில் தள்ளிவிடப் போதுமானதாயிருந்தது. முழங்கையிற் சிறிது தோல் வழன்றதேயன்றி வேறு காயமில்லை. ஆயினும் மீண்டும் அந்த ரஸ்தாவில் ஏற இருவருக்கும் மனம் வரவில்லை. அருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்கள் நிலையைக் கண்டு, "தம்பி, கம்மாக்கரை மேலேயே போங்க. சுத்துதான், ஆனா ஒரு வண்டி வராது" என்றார்.

அவர் சொன்னபடியே சென்றோம். அன்று யாம் கண்டதையும், அதுபற்றி எனக்குத் தோன்றிய அபிப்பிராயத்தையும் நம் சஞ்சிகையின் அன்பர்களுக்கு எடுத்துரைக்கவே இதனை எழுதலானேன்.

புதுக்கோட்டைச் சீமை கண்மாய்களின் சீமை. சிறியனவும் பெரியனவுமாக 5,000-க்கு மேற்பட்ட நீர்நிலைகள் இம்மாவட்டத்தில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கரை, கரைக்கு மேலே, மடைக்கும் கலிங்குக்கும் ஆட்கள் நடந்து நடந்து உண்டான ஒரு தடம், அத்தடத்தில் செஞ்சரளை. வரத்துக் கால்வாய் ஒரு கண்மாயை மற்றொன்றோடு இணைத்தலான், கரையிலிருந்து கால்வாயோரத்துக்கும், அங்கிருந்து பழைய வண்டித்தடத்துக்கும், மீண்டும் மற்றொரு கரைக்குமாகத் தார் ரஸ்தாவைத் தொடாமலே நெடுந்தூரம் செல்ல இயலுகின்றது. ஒருபுறம் நீர், மறுபுறம் தாழ்வில் நெல்வயல். தை மாதமாதலால் கதிர் முற்றித் தலைசாய்ந்திருந்தது. நீரில் நாமக்கோழிகளும் கொக்குகளும் இருந்தன. சக்கரத்தின் அடியிற் சரளை நொறுங்கும் ஓசையன்றி வேறோசை எம் காதில் விழவில்லை. ஒரு கண்மாயின் பெயரை வழியில் மூவரிடம் வினவினேன்; மூவரும் மூன்று பெயர் கூறினர்.

இடையில் நண்பரின் பின் சக்கரத்திற் சீமைக்கருவேல முள் ஏறிற்று. டியூபைக் கழற்றிக் காற்றடித்து, கண்மாய் நீரிலே அமிழ்த்திக் குமிழி வந்த இடத்தைக் கண்டு, ஒட்டுப்போட்டுப் புறப்பட அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணி நேரத்தில் எங்களைக் கடந்து சென்றோர், தலையில் விறகுச் சுமையோடு ஒரு மாதும், பள்ளிச் சீருடையிற் சைகிளேறிய இரு சிறுமியருமேயாவர்.

தென்வெள்ளாற்றின் ஓரத்துள்ளது ஆவுடையார்கோவில். பண்டு சோழநாட்டிற்கும் பாண்டிநாட்டிற்கும் எல்லையாய் நின்ற இவ்வாறு, ஆண்டிற் பெரும்பகுதி வெண்மணலாய்க் கிடந்து, ஐப்பசி கார்த்திகை மழையில் மட்டும் பெருகிப் பாக்கு நீரிணையிற் சென்று சேர்வது. ஊரின் பழம்பெயர் திருப்பெருந்துறை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பெரும்பொருளோடு கடற்றுறை நோக்கிப் புறப்பட்ட மாணிக்கவாசகர் இவ்விடத்திலே குருவைக் கண்டு நின்றுவிட்டார் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. கோவிலின் கருங்கற் கொடுங்கைகளை, மரச்சட்டமும் ஆணியும் போலக் கல்லிலே செதுக்கிய அந்த வேலையை, யான் வருணிக்கப் புகுந்தால் இக்கட்டுரை முடியாது. பிற்காலச் சிற்பிகள் ஒப்பந்தம் எழுதும்போது "ஆவுடையார்கோவிற் கொடுங்கை நீங்கலாக" என்று எழுதிக்கொள்வர் என்றொரு வழக்கும் உண்டு.

இனி விஷயத்திற்கு வருகிறேன். மாலையில் திரும்புங்கால் அம்முதியவர் அதே இடத்தில் நின்றார். "அடுத்த வருஷம் இந்தக் கரைக்கும் தார் போடப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க" என்றார். அதனை அவர் மகிழ்ந்து கூறினாரோ வருந்திக் கூறினாரோ எனக்கு விளங்கவில்லை. கேட்ட எனக்கோ வருத்தமே உண்டாயிற்று. அந்த வருத்தம் நியாயமானதுதானா என்று பலநாள் ஆலோசித்தேன். ஊரில் நிலமோ வீடோ இல்லாத ஒருவன், ஒருநாட் சைகிளேறி வந்து, "உங்கள் மண்பாதை அழகாயிருக்கிறது, அதனை அப்படியே வைத்திருங்கள்" என்று கூறுவது எளிது. பிரசவ வேதனையிலுள்ள பெண்ணை இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டியவனுக்குச் சரளையின் அழகு தோன்றாது. ஆகவே எந்த ஊருக்கும் உரிய தார் ரஸ்தாவை மறுக்க யான் துணியேன். ஆனால் ஊருக்குத் தார் ரஸ்தா ஒன்று ஏற்கெனவே இருக்க, அதனோடு ஒட்டியே செல்லும் கண்மாய்க் கரையையும் தார்பூசி மோட்டார்களுக்குத் திறந்துவிடுவது வேறு விஷயம். அதனால் அவசரப் பிரயாணி பெறும் இலாபம் சில நிமிஷங்களே. நடப்போரும் சைகிளேறுவோரும் இழப்பதோ தமக்கிருந்த ஒரே அச்சமற்ற வழி.

கரையின் நலனையும் எண்ணுக. கண்மாய்க் கரை மண்ணால் இறுக்கிய அணை. மணலும் கிராவலும் ஏற்றிய டிப்பர் லாரிகள் அதன்மேல் ஓடினால் சக்கரம் பதிந்த பள்ளத்தில் மழைநீர் தேங்கும். தேங்கிய நீர் சரிவில் வழிதேடி அரிக்கும். மராமத்துக்கு வேண்டிய யந்திரம் ஆண்டில் ஓரிரு முறை வருவதை யாரும் தடுக்க வேண்டுவதில்லை. நாள்தோறும் ஓடுவதைத் தடுத்தாற் போதும். கரை தொடங்குமிடத்தில், மராமத்தின்போது கழற்றத்தக்க இரண்டு கல் தூண்கள், சைகிளும் மாட்டுக்கன்றும் புகுமளவு இடைவெளி விட்டு நட்டால் காரியம் முடிந்தது. கரை கரைந்த இடத்தில் மீண்டும் சரளையே கொட்டிக் கெட்டிப்படுத்தலாம். அதற்குச் செலவும் தாருக்காவதினும் குறைவு.

இஃது அந்நிய தேசத்தார் செய்து பார்த்த காரியமே. பிரான்ஸின் தென்பாகத்தில் துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை சுமார் 240 கிலோமீட்டர் செல்லும் மிடி கால்வாய் 1666 முதல் 1681 வரை வெட்டப்பட்டது. (மிடி என்னும் அவர்கள் சொல்லுக்குத் தெற்கு என்று பொருள், நம் மிடிமையோடு அதற்கு உறவில்லை.) அக்கால்வாயோரத்திலும் ஒரு தடம் உண்டு. அது பிரயாணிகளுக்காக உண்டாயதன்று. படகுகளைக் கயிறு கட்டி இழுத்த குதிரைகளுக்காக உண்டாயது. குதிரைகளின் வேலை ஒழிந்த பின்னர் அத்தடத்தை மோட்டார் ரஸ்தாவாக்காமல் விட்டனர். இன்று அம்மண்ணிலும் சரளையிலும் பல தேசத்தார் சைகிளேறிச் செல்கின்றனர். லுவார் நதியோரமாகவும் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு சைகிள் மார்க்கம் அமைத்துள்ளனர். மோட்டாரில்லாத வண்டிகளுக்கும் நடப்போருக்கும் குதிரையேறுவோருக்குமே உரியதான பாதைக்குப் "பசுமை வழி" எனப் பெயரிட்டு, 2004-இல் தங்கள் ரஸ்தாச் சட்டத்திலேயே இடம் கொடுத்துவிட்டனர். சிற்றூர்களின் சத்திரக்காரரும் ரொட்டிக் கடைக்காரரும் அதனாற் பிழைக்கின்றனர்.

அவர்களுக்குள்ள நிழல் நமக்கில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் நாட் கரையேறிய கஜா புயல் இம்மாவட்டத்தின் மரங்களைச் சூறையாடிற்று. அன்று யாம் சென்ற கரையிலும் நிழல் விட்டுவிட்டே கிடைத்தது. மிடி கால்வாயோரத்திலும் பல்லாயிரம் மரங்களை நோய் கொண்டுபோக, அவர்கள் வேறு மரங்களை நட்டுவருகிறார்கள். நமக்குப் பனையும் புளியும் உண்டு.

வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சரளைப் பாதைக்கென்றே இக்காலத்தில் மேனாட்டார் செய்யும் 'கிராவல் பைக்' பெரும்விலை பெறுவது. அதன் டயர் அகலம் பெரும்பாலும் 40 மில்லிமீட்டரை ஒட்டியது. நம் தபாற்காரரும் பால்காரரும் ஏறிய பழைய கறுப்புச் சைகிளின் டயர் 28 அங்குலச் சக்கரத்தில் ஒன்றரை அங்குல அகலம். அதாவது 38 மில்லிமீட்டர். கனமான சட்டமும் கம்பி பிரேக்கும் உடைய அவ்வண்டி நம்முடையவை போன்ற பாதைகளுக்கே ஏற்றது. 1949-இல் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த அத்தகைய வண்டியிலேதான் யான் அன்று சென்றேன். நண்பருடையது புதிது, டயர் மெல்லியது. முள் யாருடைய சக்கரத்தில் ஏறிற்றென்பதை முன்னமே கூறினேன்.

சைகிள் விஷயத்திற் பிரான்ஸை நோக்கிப் புதுக்கோட்டையார் வெட்கப்பட வேண்டுவதேயில்லை. 1991-இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைகிளேறுதலையும் பெண்களுக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். கல்லுடைக்கும் பெண்கள், வயலிற் கூலி செய்யும் பெண்கள், அங்கன்வாடி ஊழியர், ஆசிரியைகள் எனப் பல்லாயிரவர் கற்றனர். பெண்களுக்கான வண்டி போதாமையால் பலர் ஆண்கள் சைகிளிலேயே ஏறினர். முன்கம்பியிற் குழந்தையை உட்காரவைக்கலாமென்று அதனையே விரும்பினோரும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதனை நேரிற் கண்டெழுதி உலகறியச் செய்தார். ஏளனம் செய்தோர் இருந்தனர். ஆயினும் பஸ்ஸுக்காகக் காத்து நின்ற நேரம் அப்பெண்களின் கைக்கு மீண்டது. அவர்கள் சைகிளோட்டப் பழகிய காலத்தில் கிராமத்துப் பாதைகளில் மோட்டார்கள் அருகியே ஓடின. இன்று அவர்களுடைய பேத்திமார் பள்ளியிற் கொடுத்த இலவசச் சைகிளோடு லாரிகளின் இடையே செல்கின்றனர். எங்களைக் கரைமேற் கடந்துசென்ற இரு சிறுமியரும் ஏன் சுற்றுவழியாக அவ்வழி வந்தார்கள் என்பதை யாம் அவர்களைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. நண்பர் தம் முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஆதலின் பிரயாண இன்பத்தைக் காட்டிலும் அச்சிறுமியரை முன்னிட்டே, கரைக்குத் தார் வேண்டா, கல் தூண் வேண்டும் என்கிறேன். இதனை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவ்வூர்க் கிராமசபையாரும் நீர்ப்பாசன அதிகாரிகளும். அவர்களுக்கு விண்ணப்பம் எழுதுமுன் எந்தக் கரை எந்தக் கரையோடு சேர்கிறது, எங்கே கலிங்கில் இறங்கி வண்டியைத் தூக்கிச் செல்லவேண்டும், எத்தனை பிள்ளைகள் அவ்வழியே பள்ளி செல்கின்றனர் என்பவற்றைக் குறித்த படமொன்று வேண்டும். நம் மாணவர் பத்துப்பேர், வரும் தைப்பொங்கல் விடுமுறையில் மூன்று நாள் ஒதுக்கினால் அதனை எழுதிவிடலாம். சைகிள்களை அறந்தாங்கி வரை இரயிலிற் கொண்டுபோகலாம். குடிநீர், காற்றடிக்கும் பம்ப், ஒட்டுப்போடும் ரப்பர், நெற்றிக்கு ஒரு துண்டு. இவற்றிற்கு மேல் சாமான் தேவையில்லை. வர விரும்புவோர் மார்கழி முடியுமுன் எனக்குத் தெரிவிக்க. மெல்லிய டயர் உடையோர் ஒட்டு ரப்பரை இரட்டிப்பாக எடுத்துவருக.