விடுதலைக்கு எதிராக ஒரு மேல்முறையீடு

போதைப்பொருள் வழக்கொன்றில் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை பெற்றால், சட்டத்தின் ஓட்டை வழியாகத் தப்பிவிட்டார் என்று பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அதை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்தால் நல்லது என்கிறோம். எல்லா நேரமும் நல்லதுதானா?

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் சாதாரணமானதன்று. பொருள் ஒருவர் வசம் இருந்தது என்று நிறுவப்பட்டுவிட்டால், அவர் அறிந்தே வைத்திருந்தார் என்று நீதிமன்றம் கொள்ளும். இல்லையென்று காட்டும் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. வணிக அளவு எனில் குறைந்தது 10 ஆண்டுச் சிறை. நீதிபதி மனமிரங்கினாலும் குறைக்க இயலாது. அரசின் கையில் இவ்வளவையும் கொடுத்த சட்டம், பிடிபட்டவருக்குக் கொடுத்தவை சிலவே. அவற்றுள் ஒன்று 50ஆம் பிரிவு. உடலைச் சோதனையிடுமுன், அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நடுவர் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை உண்டென்று அவரிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் நடத்திய சோதனையில் கிடைத்த பொருளை உடைமைக்குச் சான்றாகக் கொள்ள இயலாது என்று 1999இல், பல்தேவ் சிங் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறிற்று. நாம் ஓட்டை என்பது இதைத்தான். (பையை மட்டும் சோதிப்பதற்கு இப்பிரிவு பொருந்தாது என்று 2005லேயே தீர்ப்பு உண்டு, ஆகவே சோதனையிடுவோரின் கைகள் முழுதும் கட்டப்பட்டுவிடவில்லை.)

2014இல் ராஜஸ்தான் அரசின் மேல்முறையீடு ஒன்றை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவ்வழக்கில் பிடிபட்ட இருவருக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பு கொடுத்திருந்தார்கள். ஒருவரே மற்றவருக்காகவும் கையெழுத்திட்டிருந்தார். அது போதாதென்று, சோதனைக் குழுவிலேயே இருந்த கண்காணிப்பாளர் முன்னிலையிலும் சோதிக்கலாம் என்று, சட்டத்தில் இல்லாத மூன்றாவது வாய்ப்பு ஒன்றையும் நீட்டியிருந்தார்கள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை. உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்த பின்னும் அரசுக்கு மனம் ஆறவில்லை; டில்லி வரை போயிற்று.

பிழையான விடுதலைகளே இல்லையென்று வாதிட மாட்டோம். சாட்சியங்களைப் படிக்காமல் எழுதப்பட்ட தீர்ப்பைத் திருத்த ஒரு வழி வேண்டும். ஆனால் விடுதலையானவர் நிரபராதி என்ற அனுமானம் இரட்டிப்பாகிறது என்று 2007இல் சந்திரப்பா வழக்கில் சொல்லப்பட்டது. சாட்சியம் இரண்டு நியாயமான முடிவுகளுக்கு இடம் தந்தால் விடுதலையில் கை வைக்கக் கூடாது. நடப்பில் அவர் அனுபவிப்பது வேறு. மேல்முறையீடு வந்துவிட்டால் அவரைப் பிடியாணை அனுப்பி வரவழைத்து, அது முடியும்வரை சிறையில் வைக்கவும் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வைக்காவிட்டாலும், யார் அவருக்கு வேலை தருவார், யார் பெண் கொடுப்பார்?

இத்தனைக்கும் அந்த அறிவிப்புக்குத் தேவை ஆளுக்கொரு தாளும் சில நிமிடங்களுமே. மேல்முறையீட்டுக்குப் பரிந்துரைத்துச் செல்லும் கோப்பில், அதைத் தவறவிட்ட அதிகாரியிடம் விளக்கம் கேட்டாயிற்றா என்பதற்கும் ஒரு வரி இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.