பதினெட்டுத் திங்கள் அரசி

நெடுங்காலம் அரியணையில் வீற்றிருந்த அரசியர் பலரை உலகம் மறந்துவிட்டது. பெல்ஜிய நாட்டு அஸ்ட்ரிட் அரசியாக வாழ்ந்ததோ ஏறத்தாழப் பதினெட்டுத் திங்களே. எனினும் அந்நாட்டு மக்கள் அவர்பால் கொண்ட அன்பு, அவர் மறைந்த பின்னரும் அரசியலையே அசைக்கும் ஆற்றல் பெற்றிருந்தது. அவ்வன்பைப் போற்றும் நாம், அதன் மறுபக்கத்தையும் காணல் வேண்டும்.

1905இல் சுவீடன் அரச குடும்பத்தில் பிறந்த அஸ்ட்ரிட், 1926இல் பெல்ஜிய இளவரசர் லியோபோல்டை மணந்தார். ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் கப்பல் அணைந்ததும், அரச மரபு எதனையும் எண்ணாது ஓடிவந்து கணவரைத் தழுவிக்கொண்டார். கரையில் திரண்டிருந்தோர் உள்ளத்தில் அன்றே குடியேறிவிட்டார். பிரெஞ்சு மொழியோடு பிளெமிஷ் மக்கள் பேசும் டச்சு மொழியையும் கற்றார். மொழியால் இருகூறாக நின்ற நாட்டில் இது சிறு செயலன்று.

1934 பிப்ரவரியில் மாமனார் முதலாம் ஆல்பர்ட், பாறையேற்றத்தின்போது வீழ்ந்து இறக்கவே, அஸ்ட்ரிட் அரசியானார். அது பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். வேலையிழந்தோர் குடும்பங்களுக்கு உடையும் உணவும் வேண்டி 1935இல் நாட்டு மக்களிடமே வேண்டுகோள் விடுத்தார். கொடுத்துப் புகழ்பெற்ற அரசர் பலர். ஏழைக்காகக் கேட்க முன்வந்தோர் எத்தனை பேர்?

அவ்வாண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் குஸ்நாக்ட் அருகே, லியோபோல்ட் ஓட்டிச் சென்ற கார் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. அஸ்ட்ரிட் உயிர் நீத்தார். அகவை இருபத்தொன்பது. நாடே அழுதது.

1941இல், ஜெர்மானியர் காவலில் இருந்தபடியே லியோபோல்ட் லிலியன் என்னும் பெண்ணை மணந்தார். வீரர்கள் பகைவர் முகாம்களில் வாடும்போது அரசருக்குத் திருமணமா என மக்கள் சினந்தனர். அச்சினம் நியாயமானதே. ஆனால் அஸ்ட்ரிட்டின் இடத்தில் இன்னொருத்தியா என்ற வெறுப்பும் அதனுடன் கலந்தது. அதனை நியாயமென்று கொள்ள இயலவில்லை. தாயற்ற மூன்று குழந்தைகளையும் வளர்த்தவர் அந்த லிலியன்தான். அவருக்கோ அரசி என்னும் பட்டமும் கிட்டவில்லை.

போர்க்காலத்தில் அரசர் நடந்துகொண்ட முறையே பூசலின் முதற்காரணம். இம்மணம் அதற்கு எண்ணெய் வார்த்தது. 1950இல் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர் அரசரை ஆதரித்தும் கிளர்ச்சி அடங்கவில்லை. 1951இல் அவர் முடிதுறக்க, அஸ்ட்ரிட்டின் மூத்த மகன் அரசரானார்.

லியோபோல்ட் 1983இலும் லிலியன் 2002இலும் மறைந்தனர். இன்று லாக்கன் தேவாலயத்தின் நிலவறையில் அஸ்ட்ரிட்டோடு அவ்விருவரும் அடக்கம் பெற்றுள்ளனர்.